கண் காணா ஒளிக்குக் கண் அமைத்த மேதை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். இம்முதுமொழியின் உண்மையை, நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியன்று நாங்கள் நேரிலே உணர்ந்தோம்.

நத்தத்து வெயிலைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி பிறந்துவிட்டால் மாந்தோப்பு நிழலைத் தேடாதவர் இல்லை. அத்தகைய ஒரு நண்பகலில், மின்சாரப் பணியில் இருக்கும் பெற்றோர் ஒருவர் கையடக்கமான கருவியொன்றை எங்கள் கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். கீழே ஒரு பிடி, முன்னே ஒரு வில்லை, பின்னே ஒரு சிறு திரை. வெப்பப்படக் கேமரா என்று அதற்குப் பெயர். மின்கம்பிகளின் இணைப்பு எங்கேனும் தளர்ந்திருந்தால் அவ்விடம் சூடேறும். அதைத் தொட்டுப் பார்த்து அறிய இயலுமா? தொட்டால் உயிர் போய்விடும். எட்ட நின்றபடியே அந்தச் சூட்டைக் காட்டிக் கொடுப்பது இக்கருவி.

நாங்கள் அதன் திரையில் எங்கள் பள்ளியைப் பார்த்தோம். என்னே விந்தை! சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை வெள்ளை வெளேரென்று எரிந்தது. வேப்ப மரத்தடி நீல நிறத்தில் குளிர்ந்திருந்தது. தண்ணீர் கசியும் மண்பானை, சுற்றியுள்ள எல்லாவற்றையும்விடக் கருநீலமாகத் தோன்றியது. எங்களுள் ஒருத்தி மேசையின்மீது சற்று நேரம் கையை வைத்து எடுத்தாள். கை போன பின்னும் ஐந்து விரல்களின் அடையாளம் திரையில் ஒளிர்ந்தது. வெறுங்கண்ணால் மேசையைப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை.

அடுத்து, சூடான காப்பி நிறைந்த பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தைப் பார்த்தோம். கருவியோ அது குளிர்ந்திருப்பதாகக் காட்டியது. கருவி பொய் சொல்கிறது என்று நாங்கள் சிரித்தோம். அவர் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பாத்திரத்தின்மேல் ஒட்டி, சற்றுப் பொறுத்துக் காட்டினார். டேப் இருந்த இடம் மட்டும் சூட்டோடு ஒளிர்ந்தது. கருவி பொய் சொல்லவில்லை. அது காண்பது வெப்பநிலையை அன்று; பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிர்களையே. பளபளப்பான உலோகம் தன் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடும். சுற்றியுள்ள பொருள்களின் கதிர்களையோ கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். இதை அறியாமல் அளப்பவர் ஏமாந்து போவார். அளக்கும் கருவி இருந்தால் மட்டும் போதாது, அளப்பவருக்கு அறிவும் வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

கொரோனாக் காலத்தில் பள்ளி வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அன்று நாம் நெற்றியைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினோமே தவிர, தொடாமலே எப்படிச் சூடு தெரிகிறது என்று கேட்கவில்லை. கண்காட்சிக்குப் பின்தான் அக்கேள்வி எங்கள் உள்ளத்தில் எழுந்தது. விடை தேடிப் போனபோது, நம் பாரத நாட்டுப் பேரறிஞர் ஒருவரை அவ்வழியில் கண்டோம். தாவரங்களுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவராக மட்டுமே நாம் அறிந்திருக்கும் சர் ஜகதீச சந்திர போஸ் அவர்களே அவர். அவர்தம் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. ஆங்கிலப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெருமை என்று எண்ணப்பட்ட காலம் அது. அவரோ தம் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். வகுப்பில் ஒருபுறம் தந்தையின் இஸ்லாமிய ஏவலாளருடைய மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர, நடுவே ஜகதீசர் அமர்ந்தார். பறவைகளையும் மீன்களையும் பற்றி அச்சிறுவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்மீது ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

அச்சிறுவரைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டு போனவர் யார் தெரியுமா? சிறைத் தண்டனை முடிந்து வந்த பழைய கொள்ளைக்காரர் ஒருவர்! வேறு யாரும் வேலை தராத அம்மனிதரை நம்பித் தம் மகனையே ஒப்படைத்தார் தந்தையார். பிறர் காணாத நன்மையைக் காணும் கண் அக்குடும்பத்தில் அப்போதே இருந்தது.

பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, ஹேர் பள்ளியிலும், அதன்பின் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை யூஜின் லஃபோன் அடிகளார். பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த இக்குருவானவர், இயற்பியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதோடு நிற்கமாட்டார்; கருவிகளைக் கொண்டு செய்து காட்டுவார். பொதுமக்களும் திரண்டு வந்து அவருடைய செய்முறைச் சொற்பொழிவுகளைக் கேட்டனர். 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது அவருக்குத் துணை நின்றவர்களுள் அடிகளாரும் ஒருவர். பின்னாளில் நம் சர் சி.வி. இராமன் ஆய்வு செய்து புகழ் பெற்றது அக்கழகத்தில்தான். ஜகதீசரின் விரல்களுக்குக் கருவிகளின்மேல் காதலை உண்டாக்கியவர் லஃபோன் அடிகளாரே எனலாம்.

மேற்படிப்புக்காக ஜகதீசர் கடல் கடந்து செல்ல விரும்பினார். தந்தையாரோ பல முயற்சிகளில் பொருளை இழந்து கடனில் மூழ்கியிருந்தார். முதலில் தயங்கிய தாயார், பின்னர் தம் நகைகளை விற்கவும் முன்வந்தார். 1880இல் இலண்டன் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கிய ஜகதீசரை அடிக்கடி வந்த காய்ச்சல் வாட்டியது. எனவே மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜ் கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து இயற்கை அறிவியல் கற்றார். அங்கே இராலே பிரபு அவருக்கு ஆசிரியராகவும், பிற்காலத்தில் ஆதரவாளராகவும் விளங்கினார்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885இல் தாயகம் திரும்பிய ஜகதீசர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக நியமனம் பெற்றார். ஆனால் அங்கே ஓர் அநீதி காத்திருந்தது. ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் ஜகதீசரின் பதவி தற்காலிகம் என்று கூறி அதிலும் பாதியே தருவோம் என்றனர். அதாவது ஐரோப்பியர் மூன்று ரூபாய் பெறும் இடத்தில் இவருக்கு ஒரு ரூபாய்!

ஜகதீசர் கூச்சலிடவில்லை, பதவியை விட்டு ஓடவும் இல்லை. வகுப்புகளைக் குறைவின்றி நடத்தினார். மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். வீட்டில் கடன், கையில் காசில்லை. ஆயினும் மூன்று ஆண்டுகள் இவ்வாறே உழைத்தார். இறுதியில் அதிகாரிகள் மனம் மாறினர். முழுச் சம்பளத்துடன் பதவியை நிலைப்படுத்தி, மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தமாக வழங்கினர். அப்பணத்தைக் கொண்டு அவர் முதலில் செய்தது, தந்தையின் கடனை அடைத்ததே.

இச்சோதனைக் காலத்தில், 1887ஆம் ஆண்டு, அபலா தாஸ் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையாரைப் பற்றித் தமிழ்நாட்டு மாணவியராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை. ஆகவே 1882இல் அபலா, வங்காள அரசின் உதவித்தொகையுடன் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் பட்டம் பெறாமலே திரும்ப நேர்ந்தது. தமக்கு மூடப்பட்ட கதவை அவர் மறக்கவில்லை. 1919இல் பெண் கல்விக்கென ஒரு கழகம் நிறுவி, வங்காளத்தில் பெண்களுக்குப் பள்ளிகள் பல திறந்தார். கைம்பெண்கள் ஆசிரியராகப் பயிற்சி பெற வழி செய்தார்.

சிறு அறையில் பேராராய்ச்சி

ஜகதீசரின் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டு வியந்தார். அகச்சிவப்புக் கதிர் என்று நாம் கூறுவது அதுவே. நம் உடலும், சுவரும், அடுப்பும், மண்பானையும் ஓயாமல் இக்கதிரை வெளிவிடுகின்றன. நம் மேனியிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

1880களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அவை மிக நீண்ட அலைகள். ஒளியைப்போல அவையும் திரும்புகின்றனவா, விலகுகின்றனவா என்று மேசைமேல் சோதிக்க வேண்டுமானால் அலை குறுகியதாக இருக்க வேண்டும். இப்பணியை ஜகதீசர் மேற்கொண்டார். கல்லூரியில் அவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை. குளியலறையை அடுத்த ஒரு சிறு தடுப்பறைதான் இருந்தது. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கித் தம் சொந்தச் செலவில் கருவிகளைச் செய்தார். ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு அலைகளைக் குறுக்கினார். உலகில் வேறு எவரும் அன்று எட்டாத அளவு அது. ஒளிக்கும் ஹெர்ட்சின் அலைகளுக்கும் இடையே இருந்த பெரும் பள்ளத்தில் அவர் இறங்கிவிட்டார்.

அவர் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். முறுக்கிய சணல் கற்றை ஒன்று. இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்று. அதன் பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் போன்ற மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகியிருந்தார். இவற்றைக் கொண்டே அலைகள் அதிரும் திசையைப் பிரித்தறிந்தார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் நமக்கு இது நல்ல பாடமன்றோ!

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், ஆளுநரின் கண்முன்னே ஓர் அதிசயத்தைச் செய்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அலைகள் சுவர்களையும் ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்று, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 சனவரியில் இலண்டன் இராயல் நிறுவனத்தின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் தம் கருவிகளை இயக்கிக் காட்டி அறிஞர்களின் பாராட்டைப் பெற்றார்.

கல்லால் அமைந்த கண்

அலைகளை உண்டாக்குவதைவிட அவற்றை உணர்ந்தறிவதே கடினம். அந்நாளில் இரும்புத்தூள் நிறைந்த குழாயே அலையுணரியாகப் பயன்பட்டது. வங்காளத்தின் ஈரக் காற்றில் அது துருப்பிடித்துத் தொல்லை தந்தது. இத்தொல்லையே ஜகதீசரைப் புதிய வழி தேடத் தூண்டியது. பற்பல உலோகங்களையும் கனிமங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். முடிவில் கலீனா என்னும் கருநிறக் கல்லைக் கண்டார். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. இரு கலீனாத் துண்டுகளின் முனைகள் மெல்லத் தொடுமாறு பொருத்தி, அவற்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினார். அலை வந்து விழுந்ததும் மின்னோட்டம் மாறியது. முள் அசைந்து காட்டியது.

அதைவிட வியப்பு என்னவென்றால், மின்னலைகளுக்கு மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், சிவப்புக்கு அப்பாற்பட்ட வெப்பக் கதிருக்கும், ஊதாவுக்கு அப்பாற்பட்ட கதிருக்கும் அக்கல் அசைந்து கொடுத்தது. நம் கண்ணோ ஒளியின் ஒரு சிறு பகுதியை மட்டுமே காணும். ஆகவே இதனை ஒரு செயற்கை விழித்திரையாகவே அவர் கருதினார். தேஜஸ் என்னும் வடசொல்லைக் கொண்டு இதற்குத் தேஜோமீட்டர் என்று பெயரிட்டார்.

அறிவியலை விலை பேசுவதை ஜகதீசர் விரும்பாதவர். 1901இல் இலண்டனில், கம்பியில்லாத் தந்தித் தொழிலில் ஈடுபட்ட ஒருவர் பெரும் இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறி உரிமம் பெறத் தூண்டியபோது மறுத்துவிட்டார். பின்னர் நண்பர்களின், சிறப்பாக அமெரிக்க நண்பரான சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால் கலீனாக் கருவிக்கு மட்டும் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29இல் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதைக் கொண்டும் அவர் பொருள் ஈட்ட முனையவில்லை. நாளடைவில் உலகம் அக்கருவியை மறந்தது.

ஆனால் உண்மை உறங்கினாலும் இறப்பதில்லை. 1930களில் ஜெர்மானிய அறிஞர்கள் வெப்பக் கதிரை உணரும் கருவிகளை உருவாக்க முனைந்தபோது, அவர்கள் கையில் எடுத்த பொருள் ஈய சல்பைடு. அதாவது ஜகதீசர் சோதித்த அதே கலீனாவின் பொருள்! இரண்டாம் உலகப் போரிலும் அதன் பின்னும் அகச்சிவப்புக் கருவிகளுக்கு அது கண்ணாக விளங்கியது. நாங்கள் கண்காட்சியில் பார்த்த கையடக்கக் கேமராவின் உள்ளே இருப்பது வேறு வகை. கதிர் பட்டதும் சிறிதே சூடேறித் தன் மின்தடையை மாற்றிக் கொள்ளும் ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும் ஆதலால் ஜெர்மானியம் போன்ற பொருளால் வில்லை செய்கிறார்கள். வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே: மனிதக் கண் காணாததைக் காண்பது. அந்நோக்கத்தோடு ஒரு திண்மப் பொருளை விழித்திரையாக அமைத்த முன்னோடிகளுள் நம் ஜகதீசர் தலையாயவர்.

தாவரங்களும் எதிர்ப்புகளும்

தம் உணரிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியபோது, அவை களைப்படைவதையும் ஓய்வுக்குப் பின் மீண்டும் தெளிவடைவதையும் ஜகதீசர் கண்டார். களைத்த உலோகத்தின் வரைபடம், களைத்த தசையின் வரைபடத்தை ஒத்திருந்தது. அப்படியானால் இடையிலுள்ள தாவரங்கள் எவ்வாறு நடந்து கொள்ளும்? இக்கேள்வியே அவரைத் தொட்டாற்சிணுங்கியிடம் கொண்டு சேர்த்தது. தாவரத்தின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார்.

1901இல் இலண்டனில் இக்கண்டுபிடிப்புகளை வெளியிட்டபோது, உடலியல் அறிஞர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். இயற்பியல் பேராசிரியருக்கு இங்கென்ன வேலை என்பதுபோல் பேசினர். அவருடைய கட்டுரை வெளியிடப்படாமல் கிடப்பில் போடப்பட்டது. சம்பளத்துக்காகப் போராடிய அதே பொறுமையுடன் அவர் மேலும் நுட்பமான கருவிகளைச் செய்தார். நூல்களாக எழுதி உலகின் முன் வைத்தார். அந்நூல்களைச் செப்பனிடுவதில் சகோதரி நிவேதிதை இரவு பகல் பாராது உதவினார். அவருடைய கருத்துகள் யாவும் இன்று ஏற்கப்படவில்லை. ஆயினும் தாவரங்களுள் மின் குறிகள் பாய்கின்றன என்ற உண்மை நிலைபெற்றுவிட்டது.

1917இல் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய்வுக்கூடம் இல்லாமல் தடுப்பறையில் தொடங்கியவர், தமக்குப் பின் வருவோர் அவ்வாறு தவிக்கலாகாது என்று எண்ணினார் போலும். முன்பு அவர் கட்டுரையை ஒதுக்கி வைத்த அதே இராயல் கழகம், 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் ஜகதீசர் இயற்கை எய்தினார். அவர் கைப்படச் செய்த கருவிகளைக் கல்கத்தாவில் உள்ள அந்நிலையத்தில் இன்றும் காணலாம். 2012இல் உலக மின்பொறியாளர் கழகம் அவருடைய அலை ஆய்வைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது.

நாம் கற்க வேண்டியது

பளபளக்கும் பாத்திரம் தன் சூட்டை மறைத்துக் கொள்கிறது. கறுத்த டேப் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. மனிதரை அளப்பதிலும் நாம் எத்தனை முறை பளபளப்பைக் கண்டு ஏமாறுகிறோம்! கல்கத்தா அதிகாரிகள் ஜகதீசரின் நிறத்தைக் கண்டனர், அறிவைக் காணவில்லை. அபலா அம்மையாருக்குக் கதவை மூடியவர்கள் பெண் என்பதைக் கண்டனர். அவருள் இருந்த ஆற்றலைக் காணவில்லை. நம் வகுப்பிலேயே பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் தோழியிடம் என்ன திறமை கனன்று கொண்டிருக்கிறதோ, யார் அறிவார்?

தோழியரே! நத்தம் ஒரு சிற்றூர்தானே, இங்கிருந்து நாம் என்ன செய்துவிட முடியும் என்று எண்ண வேண்டாம். சணல் கற்றையும் பழைய இரயில் புத்தகமும் போதும் என்று காட்டினாரே அப்பெரியவர்! தகரக் கொட்டகையின் சூட்டையும் வேம்பின் நிழலையும் ஒரு சாதாரண வெப்பமானியால் நாள்தோறும் அளந்து நோட்டில் எழுதி வந்தாலே அது ஓர் ஆராய்ச்சிதான். இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றம் அப்பணியைத் தொடங்கியுள்ளது. கண்டதை மட்டும் நம்பாமல், அளந்து பார்த்து உண்மையை அறியும் ஆர்வத்தை நம் உள்ளத்தில் வளர்ப்போமாக!